புகையிரத நிலையத்தை அண்டிய ஒழுங்கைகளில் குடியிருப்பாளருக்கு மட்டும் வாகனத் தரிப்பு அனுமதி கேட்பது முறையா?

கேள்வி
எழுதியவர்: ஒழுங்கைவாசி, யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில், பெரிய வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. வடக்குப் புகையிரதத் தடம் 1905 இல் முழுமையாகத் திறக்கப்பட்ட காலத்தில் இங்கே குடியிருந்தவர்களுக்கு ஒரு மாட்டுவண்டி உள்ளே வந்து திரும்பினால் போதுமாக இருந்தது. அந்த அகலத்திலேயே ஒழுங்கை இன்றும் இருக்கிறது. 1990 ஜூனில் போரினால் புகையிரதம் நின்ற பின்னர் இருபத்து நான்கு ஆண்டுகள் பயணத்துக்காக நிலையப் பக்கம் போகவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி கொழும்புப் புகையிரதமான யாழ்தேவி மீண்டும் வந்தபோது அதைப் பார்க்க ஓடிப்போய்க் கண்கலங்கி நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே நான் எழுதப்போவதைப் புகையிரதத்துக்கோ பயணிகளுக்கோ எதிரான முறைப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கொழும்புக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து எங்கள் மதிலோரங்களில் நிறுத்திவிட்டுப் புகையிரதம் ஏறுகிறார்கள். கிட்டடியில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் சிலரே. பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாட்கள் கழித்தே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை நிறுத்திய வாகனம் திங்கட்கிழமை வரை நிற்பது வழக்கமாகிவிட்டது. சற்று நகர்த்தச் சொல்லலாம் என்றால் அதன் உரிமையாளர் நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறார். 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலான தடத்தைத் திருத்துவதற்காகக் கொழும்புச் சேவை நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு ஜூலையில் மீண்டும் தொடங்கியது. அந்த ஆறு மாதமும் எங்கள் ஒழுங்கை வெறுமையாகவே இருந்தது. சேவை தொடங்கிய வாரமே பழைய நிலைமை திரும்பியது. ஆகவே வாகனங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீக்கப்பட்ட பின்னர் கார்களின் எண்ணிக்கை கண்கூடாகக் கூடியிருக்கிறது.

அண்மையில் ஒரு நாள் இரவு அம்மாவுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்தோம். நோயாளர் காவு வண்டியும் விரைவாகவே வந்தது. ஆனால் ஒழுங்கையின் முகப்பில் நின்ற ஒரு காரைத் தாண்டி அதனால் உள்ளே வர முடியவில்லை. எண்பத்திரண்டு வயதான அம்மாவை, பிராணவாயுக் கொள்கலனையும் தூக்கிக்கொண்டு, ஆறு வீடுகளைத் தாண்டித் தூக்குப்படுக்கையில் கொண்டு போனார்கள். அன்று அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த முறையும் அப்படி அமையும் என்று நம்பியிருக்க எனக்கு மனமில்லை.

இதன் பிறகு ஒழுங்கையிலுள்ள பதினான்கு குடும்பங்களும் கூடிப் பேசி, குடியிருப்பாளரின் வாகனங்களுக்கு மட்டும் அனுமதி அட்டை வழங்கி, மற்றவர்கள் இங்கே நிறுத்துவதைத் தடைசெய்யுமாறு மாநகரசபைக்கு மனுக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். மனுவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எழுத உட்கார்ந்த பிறகுதான் தயக்கம் வருகிறது. தெரு எல்லோருக்கும் பொதுவானது என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். இத்தகைய அனுமதி முறை வேறு இடங்களில் எப்படி நடக்கிறது, அதனால் யாருக்குப் பாதிப்பு, மனுவில் எதைக் கேட்பது நியாயம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1
எழுதியவர்: இணுவிலான், இலண்டன்

அம்மாவுக்கு நேர்ந்ததை வாசித்து மிகவும் வருந்தினேன், ரீச்சர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இலண்டனின் வடமேற்குப் பகுதியில், நிலக்கீழ்ப் புகையிரத நிலையம் ஒன்றிலிருந்து நான்கு தெரு தள்ளி வாழ்கிறேன். நீங்கள் கேட்கப்போகும் ஒழுங்கு இங்கே என் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதன் நன்மையையும் குறையையும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இங்கே இதைக் கட்டுப்படுத்தப்பட்ட தரிப்பு வலயம் என்பார்கள். வலயத்துக்குள் நுழையும் ஒவ்வொரு தெரு முனையிலும் எந்த நாட்களில், எந்த நேரத்தில் கட்டுப்பாடு என்று அறிவிப்புப் பலகை இருக்கும். அந்த நேரத்தில் அனுமதியுள்ள வாகனம் மட்டுமே நிற்கலாம். பலரும் நினைப்பதற்கு மாறாக, இது நாள் முழுவதற்குமான தடையாக இருக்கவேண்டும் என்பதில்லை. நகரின் வெளிப்புறத்தில் பல நிலையங்களைச் சுற்றி வார நாட்களில் ஒரேயொரு மணித்தியாலம்தான் கட்டுப்பாடு. உதாரணமாகக் காலை பத்திலிருந்து பதினொரு மணி வரை. காலையில் நிறுத்திவிட்டு மாலையில் திரும்புகிறவர் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியே ஆகவேண்டும் என்பதால் அவர் அங்கே நிறுத்தமாட்டார். ஆனால் மாலையில் உங்கள் வீட்டுக்கு வரும் மாமாவுக்கும், மத்தியானம் குழாய் திருத்த வருகிறவருக்கும் எந்த இடையூறும் இல்லை. கண்காணிக்கும் உத்தியோகத்தர் ஒரு மணித்தியாலம் சுற்றி வந்தால் போதும். மூன்று நாட்கள் நிற்கும் வாகனங்கள்தான் உங்கள் பிரச்சினை என்றால் இந்தச் சிறிய கட்டுப்பாடே அவற்றையும் பிடித்துவிடும். உங்கள் மனுவில் நாள் முழுவதற்கும் தடை கேட்காமல் இதைக் கேளுங்கள் என்பது என் முதல் ஆலோசனை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அனுமதி அட்டை வாங்கியவருக்கு அங்கே இடம் உறுதி என்று எந்தச் சபையும் வாக்குக் கொடுப்பதில்லை. ஒரு தெருவில் நாற்பது கார்கள் நிற்க இடமிருக்க, அறுபது அனுமதிகள் வழங்கப்பட்டிருக்கலாம். விருந்தினருக்குத் தனியாகச் சீட்டு வாங்கவேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவின் மரணக் கிரியையான அந்தியேட்டி நடந்தபோது, வந்தவர்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுப்பதற்கென்றே ஒருவரைப் படலையில் நிறுத்தவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட முக்கியமான குறை, ஒரு தெருவில் கட்டுப்பாடு வந்த மறுவாரமே வாகனங்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகின்றன. பிறகு அந்தத் தெருக்காரர் மனு எழுதுகிறார்கள். வலயம் இப்படித்தான் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வட இலண்டனிலுள்ள பார்னெட் உள்ளூராட்சி சபை 2011 இல் குடியிருப்பாளரின் அனுமதிக் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணாகவும், விருந்தினர் சீட்டை ஒரு பவுணிலிருந்து நான்கு பவுணாகவும் உயர்த்தியது. மேலதிக வருமானத்தை வேறு போக்குவரத்துச் செலவுகளுக்குப் பயன்படுத்துவதே நோக்கம் என்பதால் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1984 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டம் வருமானம் திரட்டுவதற்கான சட்டம் அல்ல என்று கூறி, 2013 ஜூலையில் மேல் நீதிமன்றம் அந்த உயர்வு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அனுமதி முறை ஒன்று வந்துவிட்டால் அது எந்தச் சபைக்கும் ஒரு வருமான வழியாகத் தோன்றத் தொடங்கும். ஆகவே கட்டணம் எதற்காக, அந்தப் பணம் எங்கே செலவாகும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: வடமராட்சிப் பயணி

நான் மற்றப் பக்கத்தில் நிற்பவன். உங்கள் ஒழுங்கையில் இல்லாவிட்டாலும் அதற்கு அண்மையிலுள்ள ஒன்றில் என் மோட்டார் சைக்கிள் பல தடவை நின்றிருக்கிறது. அதற்காக முதலில் வருத்தம் தெரிவிக்கிறேன். அம்மாவைத் தூக்கிச் சென்றதை வாசித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பருத்தித்துறைப் பக்கத்துக்குப் புகையிரதப் பாதை கிடையாது. எங்களுக்கு யாழ்ப்பாண நிலையம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. மனைவிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொழும்பில் கிளினிக் உண்டு. மருத்துவமனையில் ஒரு பகல், உறவினர் வீட்டில் ஓர் இரவு, பிறகு திரும்பும் பயணம் என்று இரண்டு நாட்களுக்குக் குறைவாக அது முடிவதில்லை. விடியற்காலைப் புகையிரதத்தைப் பிடிக்கக்கூடிய நேரத்தில் 750 ஆம் இலக்கப் பேருந்தை நம்பி வர முடியாது. முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணத்தைப் பார்த்தால் இருவரின் புகையிரதக் கட்டணத்தையும் அது விழுங்கிவிடுகிறது. ஆகவே மோட்டார் சைக்கிளில் வருகிறோம்.

கட்டணம் கொடுத்து வாகனம் விடும் வாகனப் பாதுகாப்பு நிலையத்தில் விடலாமே என்று கேட்பீர்கள். ஒரு முறை விட்டேன். திரும்பும் புகையிரதம் தாமதமாகி இரவு பதினொரு மணிக்குப் பின்னர் வந்து சேர்ந்தபோது அந்த இடம் பூட்டிக் கிடந்தது. துண்டில் எழுதியிருந்த தொலைபேசி இலக்கத்துக்கும் பதில் இல்லை. சிகிச்சை முடித்து வந்த மனைவியை வைத்துக்கொண்டு விடியும்வரை நிலையத்து வாங்கில் இருந்தோம். அதன் பிறகு யாருடைய மதிலோரமாவது பரவாயில்லை என்று எண்ணத் தொடங்கினேன். அது சரியென்று நான் வாதாடவில்லை. ஏன் நிகழ்கிறது என்பதைச் சொல்கிறேன்.

குடியிருப்பாளருக்கு மட்டும் என்ற பலகை நாளை உங்கள் ஒழுங்கையில் வந்தால் நான் அதை மதிப்பேன். ஆனால் எங்கே விடுவது என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் பதில் இருக்காது. நெல்லியடியிலிருந்து இரவுச் சொகுசுப் பேருந்து கொழும்புக்குப் போகிறது. ஏறுமிடம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். நோயாளியான மனைவிக்கு எழுந்து நடக்கவும் கழிவறைக்குப் போகவும் புகையிரதமே வசதி என்பதால்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த புகையிரதத்தை, வாகனம் விட இடமில்லை என்ற காரணத்துக்காக எங்களைப் போன்றவர்கள் கைவிட நேர்ந்தால் அது பெரிய இழப்பு. நிலைய வளவுக்குள், கடைசிப் புகையிரதம் வரும்வரை திறந்திருக்கும், நாட்கணக்கில் விடக்கூடிய பாதுகாப்பான தரிப்பிடம் ஒன்றையும் உங்கள் மனுவில் சேர்த்துக் கேட்டால், பயணிகளிடமிருந்து கையொப்பம் வாங்கித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

மறுமொழி 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர்

மனு எழுதுவதற்கு முன்னர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. பழைய ஒழுங்கைகள் பல பத்து, பன்னிரண்டு அடி அகலமே கொண்டவை. ஒரு கார் ஏறத்தாழ ஆறு அடி அகலம். மதிலோடு ஒட்டி நிறுத்தினாலும் கதவு திறக்க விட்ட இடத்தையும் சேர்த்தால் ஏழு அடி போய்விடும். மீதமிருக்கும் மூன்றோ ஐந்தோ அடியில் நோயாளர் காவு வண்டி போகாது. தீயணைப்பு வண்டியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள்: நிற்கும் கார் ஊர் தெரியாத பயணியுடையதா, அனுமதி அட்டை ஒட்டிய பதினான்கு குடும்பங்களில் ஒன்றினுடையதா என்பதால் அந்த வண்டிக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா? அன்று இரவு முகப்பில் நின்றது பக்கத்து வீட்டுக்காரரின் காராக இருந்திருந்தாலும் உங்கள் அம்மாவைத் தூக்கித்தான் போயிருப்பார்கள். ஒரு வேற்றுமை உண்டு: பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டலாம். ஆனால் உயிர் போகும் நேரத்தில் கதவு தட்டித் திறப்பைத் தேடும் நிமிடங்களையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இலண்டன் சகோதரர் விவரித்த முறை, வளவு இல்லாத வீடுகள் வரிசையாக நிற்கும், தெருவைத் தவிர வாகனம் விட வேறிடமற்ற நகரங்களில் பிறந்தது. எங்கள் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முற்றம் இருக்கிறது. வாகனம் உள்ளே போகும் படலையும் இருக்கிறது. உண்மையில் உங்களுக்குத் தேவை தெருவில் வாகனம் நிறுத்தும் உரிமை அல்ல. படலையிலிருந்து பெரிய வீதிவரை தடையில்லாத வழி. இரண்டும் ஒன்றைப்போலத் தோன்றினாலும் மனுவில் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறான முடிவுகள் வரும். அனுமதி அட்டை கேட்டால், இன்று முற்றத்தில் விடும் வீட்டுக்காரரும் அட்டை இருக்கிறதே என்று நாளை வெளியே விடுவார். முற்றத்தில் கடையோ அறையோ கட்டவும் துணிவார்.

அடுத்தது, ஒழுங்கை யாருடையது என்பது. மாநகரசபையின் வீதிப் பதிவேட்டில் இருந்தால் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சில ஒழுங்கைகள், காணி உறுதிகளில் வழிவாய்க்கால் உரிமையாக (மற்றவரின் காணியூடாகப் போய்வரவும் நீர் கொண்டுபோகவும் உள்ள உரிமையாக) மட்டும் எழுதப்பட்டுள்ள தனியார் வழிகள். அவற்றில் சபை அனுமதி வழங்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அந்த வழியின் பங்காளிகளே சேர்ந்து செயற்படவேண்டும். வெளியே இருக்கும் பெரிய வீதிகளில் தேசிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், நிலைய வளவு என்றால் புகையிரதத் திணைக்களம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. மனுவின் பிரதி இவர்கள் எல்லோருக்கும் போகவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

சட்ட வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் சபை துணைவிதி இயற்றலாம். அது மாகாண மட்டத்தில் அங்கீகரிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே நடைமுறைக்கு வரும். 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் தெரிவுசெய்யப்பட்ட சபை மீண்டும் இருப்பதால் உங்கள் வட்டாரப் பிரதிநிதி மூலம் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் இதற்கு நீண்ட காலம் எடுக்கும். துணைவிதியை மீறியவருக்கு நீதிமன்றத்தின் ஊடாகவே தண்டம் விதிக்க முடியும் என்பதையும் மறக்கவேண்டாம். ஒழுங்கை முகப்பில் வாகனம் நிறுத்தத் தடை என்ற அடையாளமும் மஞ்சள் கோடும் இடுவது இதைவிட எளிது. போக்குவரத்துப் பொலிஸார் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழேயே நடவடிக்கை எடுக்கலாம்.

அனுமதி அட்டை எங்களுக்குப் புதிதல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவ காலத்தில் சுற்றுவீதிகள் தடைசெய்யப்படுவதும், தடைக்குள் வசிப்பவர்களின் வாகனத்துக்கு அனுமதி வழங்கப்படுவதும், வெளியே வாகனப் பாதுகாப்பு நிலையங்களில் சபை நிர்ணயித்த கட்டணம் அறவிடப்படுவதும் நாம் எல்லோரும் அறிந்ததே. அது ஒழுங்காக நடப்பதற்கு மூன்று காரணங்களைக் கண்டிருக்கிறேன்: காலம் வரையறுக்கப்பட்டது, ஒவ்வொரு தடையிலும் ஆள் நிற்கிறார், தடுக்கப்பட்டவருக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் மாற்று இடம் தயாராக இருக்கிறது. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டையும் மட்டும் செய்திருந்தால் தேர்த் திருவிழா அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புகையிரத நிலையத்துக்கு இன்று குறைவாக இருப்பது அந்த மூன்றாவதுதான்.

தெரு பொது என்று படிப்பித்துவிட்டு இப்படிக் கேட்கலாமா என்ற உங்கள் தயக்கத்துக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் கவுண்டியில், வேலை நாட்களில் பகல் வேளையில் குடியிருப்பாளரும் அவர்களைத் தேடி வருவோரும் மட்டுமே தெருவில் வாகனம் நிறுத்தலாம் என்று விதி செய்தார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இது சமத்துவத்துக்கு முரண் என்று வழக்காடினார்கள். மாநில உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1977 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. குடியிருப்பாளருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு காட்டுவது தன்னளவில் தவறல்ல. இரைச்சலையும் புகையையும் குறைப்பதும், தனி வாகனத்தில் வருகிறவர்களைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்புவதும் ஏற்கத்தக்க நோக்கங்கள் என்று அது சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதிலுள்ள நோக்கத்தைக் கவனியுங்கள். அங்கே தடுக்கப்பட்டவர் காரை விட்டுப் பொதுப் போக்குவரத்தில் ஏறவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இங்கே தடுக்கப்படப்போகிறவர் பொதுப் போக்குவரத்தில் ஏறுவதற்காகவே வந்தவர். வடமராட்சி நண்பர் எழுதியதை நான் பாரதூரமாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

மறுமொழி 4
எழுதியவர்: கொக்குவில் வாடகைக் குடியிருப்பாளர்

நான் கொக்குவில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு விடயங்களை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாண நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு வந்தால் வாகனங்கள் எங்கள் பக்கம் வரும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. இங்கே அதிகாரம் மாநகரசபைக்கு இல்லை, நல்லூர்ப் பிரதேச சபைக்கு. ஒரு சபை செய்த விதியின் சுமையை மற்றச் சபையின் மக்கள் சுமப்பதற்கு முன்னர் இரு சபைகளும் பேசிக்கொள்ளவேண்டும்.

குடியிருப்பாளர் யார் என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பீர்கள் என்பது இரண்டாவது. உறுதியைக் கேட்டால் வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் நாங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டால் என் மோட்டார் சைக்கிள் லீசிங் கம்பனியின் பெயரில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணரின் வான் முன்னைய உரிமையாளரின் பெயரிலிருந்து இன்னும் மாற்றப்படவில்லை. இப்படி எத்தனையோ வாகனங்கள் ஓடுகின்றன. கிராம அலுவலரின் வதிவிட அத்தாட்சியையும், வாகனத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான ஏதாவது ஓர் ஆதாரத்தையும் ஏற்றுக்கொள்ளாவிட்டால், ஒழுங்கையில் உண்மையில் வாழ்கிறவர்கள் வெளியே நிற்க, ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவருக்கு அட்டை கிடைக்கும்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: ஒழுங்கைவாசி, யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை உத்தியோகத்தர் ஐயா சொன்னபடி அளவுநாடாவோடு போனேன். முகப்பில் பதினொரு அடி நான்கு அங்குலம், நடுவில் பத்து அடி ஒன்பது அங்குலம், கடைசி வளைவில் பன்னிரண்டு அடி. எந்த இடத்திலும் ஒரு கார் நிற்க, நோயாளர் காவு வண்டி தாண்டிப் போக முடியாது. அளந்துகொண்டு வரும்போது எங்கள் பதினான்கு குடும்பங்களில் மூன்று குடும்பங்களின் வாகனங்கள் வெளியே நின்றதையும் கண்டேன். அவற்றில் ஒன்று என் தம்பியுடையது. இவ்வளவு நாளும் அதைத் தடையாக நான் கண்டதே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை மீண்டும் கூடினோம். அட்டை வேண்டாம், எவருடைய வாகனமும் ஒழுங்கைக்குள் நிற்கக்கூடாது என்று நான் சொன்னபோது எல்லோரும் இலகுவில் ஏற்கவில்லை. முற்றமில்லாத இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம். அவர்களின் வண்டியை இரவில் எங்கள் முற்றத்தில் விடுவதற்கு இடம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறோம். மற்ற வீட்டுக்கு எதிர்வீட்டார் இடம் கொடுக்கிறார்கள். தம்பி தன் காரை உள்ளே எடுப்பதற்காகப் படலையை அகலமாக்கவேண்டும். அதற்கு ஒரு மாதம் கேட்டிருக்கிறான்.

ஆகவே மனு இப்போது இப்படி அமைகிறது. ஒழுங்கையின் முழு நீளத்திலும் முகப்பின் இரு பக்கங்களிலும் எல்லா வாகனங்களுக்கும் நிறுத்தத் தடை. ஆட்களை ஏற்றி இறக்கவும், மரண வீடு, திருமணம் போன்ற நாட்களில் முன்னறிவித்தலோடும் விதிவிலக்கு. வெளியிலுள்ள அகலமான வீதியில், இணுவிலான் அவர்கள் சொன்னதுபோல, காலையில் ஒரு மணித்தியாலக் கட்டுப்பாடு. அங்கே மட்டும் குடியிருப்பாளருக்கும் கடைகளுக்கும் அனுமதி. அந்த அனுமதிக்கு உறுதியையோ பதிவுப் புத்தகத்தையோ கேட்காமல் கிராம அலுவலரின் அத்தாட்சியை ஏற்கவேண்டும் என்பதைக் கொக்குவில் அன்பர் எழுதிய காரணங்களோடு அப்படியே சேர்த்திருக்கிறேன். நிலைய வளவில், கடைசிப் புகையிரதம் வந்து ஒரு மணித்தியாலம்வரை திறந்திருக்கும் தரிப்பிடம் ஒன்றையும், நாட்கணக்குக் கட்டணத்தையும் கேட்கிறோம். அது திறக்கப்படும்வரை வெளி வீதிக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தவேண்டாம் என்றும், ஒழுங்கைக்குள் தடையை மட்டும் உடனே கொண்டுவருமாறும் எழுதியிருக்கிறேன். பிரதிகள் புகையிரதத் திணைக்களத்துக்கும் நல்லூர்ப் பிரதேச சபைக்கும் போகும்.

உத்தியோகத்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. எங்கள் உறுதிகளை எடுத்துப் பார்த்தபோது, ஐந்தில் “கிழக்கெல்லை ஒழுங்கை” என்று மட்டும் இருக்கிறது. இரண்டில் வழிவாய்க்கால் உரிமை என்று இருக்கிறது. இது சபையின் ஒழுங்கையா, தனியார் வழியா என்பதை வீதிப் பதிவேட்டில் பார்ப்பதற்குச் சபையில் எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும்?

வடமராட்சிச் சகோதரருக்கு: கையொப்பப் படிவத்தைப் பயணிகளுக்கென்று தனியாகத் தயாரித்திருக்கிறேன். அடுத்த முறை மனைவியின் கிளினிக்குக்குப் போகும்போது முதல் நாளே அறியத் தாருங்கள். மனுவுக்கு முடிவு வரும்வரை உங்கள் மோட்டார் சைக்கிளை எங்கள் முற்றத்தில் விடலாம். இரவில் எந்த நேரத்தில் வந்தாலும் படலை திறந்துவிட ஆள் இருக்கும்.

மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர்

பொறியியல் பிரிவில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் நாட்கள் போகும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒழுங்கையின் பெயரையும் அது தொடங்கும் வீதியையும் குறிப்பிட்டு, பதிவேட்டின் உரிய பக்கத்தின் பிரதியைக் கோரி, சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு உறுதிகளில் வழிவாய்க்கால் என்று இருப்பது மட்டும் அதைத் தனியார் வழியாக்கிவிடாது. சபை அதில் எப்போதாவது தார் போட்டதா, தெருவிளக்கு இட்டதா, வடிகால் கட்டியதா என்பதையும் ஒழுங்கையிலுள்ள மூத்தவர்களிடம் விசாரித்து ஆண்டுகளோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளந்த அளவுகளை வரைபடமாக்கி, மூன்று இடங்களிலும் அளவுநாடா தெரியும்படி எடுத்த படங்களோடு மனுவில் இணையுங்கள்.

மறுமொழி 6
எழுதியவர்: வடமராட்சிப் பயணி

உங்கள் முற்றத்தில் இடம் தருவதாக எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த கிளினிக் வரும் 18 ஆம் திகதி. 17 ஆம் திகதி மாலை அறியத் தருகிறேன். படிவங்களையும் அப்போது வாங்கிக்கொள்கிறேன். கொடிகாம நிலையத்தில் ஏறும் எங்கள் ஊரவர்கள் சிலரும் கையொப்பமிட விரும்புகிறார்கள். அவர்களுக்கும் இருபது படிவங்கள் எடுத்து வையுங்கள்.